ஆப்பரேட்டரின் களைப்பை அளந்த அம்மையார்: லில்லியன் கில்பிரெத்

பினாங்கில் ஆப்பரேட்டர் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து வந்து நிற்கும் இடத்தில், சீருடையும் கழுத்தில் அட்டையுமாகக் காத்திருக்கும் பெண்தான் ஆப்பரேட்டர். தோட்டத்து லயத்திலும் பட்டணத்து அடுக்குமாடியிலும் அக்காவோ அத்தையோ அம்மாவோ ஒருவராவது அந்த வேலை பார்த்த குடும்பங்கள் ஏராளம்.

அந்தச் சொல் இங்கே வேர் விட்ட ஆண்டு 1972. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1969-இல், பினாங்குத் தீவு தனது தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்திருந்தது. வியாபாரம் படுத்தது, வேலை தேடும் இளையோர் கூட்டம் பெருகியது. அப்போதைய முதலமைச்சர் துன் லிம் சோங் இயூ தலைமையிலான மாநில அரசு, பாயான் லெப்பாஸ் வயல்வெளிகளில் நாட்டின் முதல் சுதந்திர வாணிப வட்டாரத்தைத் திறந்து வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களை அழைத்தது. இன்டெல், நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட் பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி எனப் பெரிய பெயர்கள் வந்தன. கம்பத்துப் பெண்கள், பட்டணத்துச் சந்துகளில் வளர்ந்த பெண்கள், பெருநிலத்துத் தோட்டங்களில் பெற்றோருடன் பால்மரக் காட்டுக்குப் போய்ப் பழகிய பெண்கள் என எல்லாரும் அந்த நீண்ட மேசைகளுக்கு முன் போய் உட்கார்ந்தார்கள். பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறந்தது. அதுவரை அக்கரையிலிருந்து வந்தவர்கள் ஃபெரி ஏறியே வேலைக்கு வந்தார்கள்.

வேலை எளிதல்ல. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை, நகக்கண்ணைவிடச் சிறிய சில்லின்மேல் பொருத்த வேண்டும். ஒரு ஷிப்டு முழுக்க அதே அசைவு. நாற்காலி யார் உயரத்துக்குச் செய்யப்பட்டது, விளக்கு எங்கிருந்து விழுகிறது, பொத்தான் கைக்கு எட்டுகிறதா என்பதெல்லாம் சிறிய விஷயங்கள் போலத் தெரியும். ஆனால் பத்து ஆண்டு வேலைக்குப் பிறகு கண்ணும் கழுத்தும் இடுப்பும் எந்த நிலையில் இருக்கும் என்பதை அந்தச் சிறிய விஷயங்கள்தாம் முடிவு செய்கின்றன.

அதே 1972-ஆம் ஆண்டு, ஜனவரி 2-ஆம் தேதி, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் 93 வயது மூதாட்டி ஒருவர் கண்ணை மூடினார். மனிதருக்கு இயந்திரம் பொருந்துகிறதா என்பதை ஊகத்தால் அல்லாமல் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அறுபது ஆண்டுகள் வாதாடிய பொறியியலாளர் அவர். பெயர் லில்லியன் கில்பிரெத். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த கதைக்காக உலகம் அவரை அதிகம் அறிந்திருக்கிறது. ஆப்பரேட்டர்களுக்காக அவர் செய்த வேலையே அதைவிடப் பெரியது.

இலக்கியம் படித்த பெண்

லில்லியன் 1878 மே 24-ஆம் தேதி கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரில், ஜெர்மானிய வம்சாவளியைச் சேர்ந்த மோலர் குடும்பத்தில் பிறந்தார். வசதியான வீடு. தம்பி தங்கைகள் பலர் இருந்ததால் மூத்தவரான அவருக்குப் பொறுப்பு அதிகம். ஒன்பது வயது வரை வீட்டிலேயே பாடம். கூச்ச சுபாவம் கொண்ட பெண்.

பெண் பிள்ளைக்குக் கல்லூரி எதற்கு என்பது தந்தையின் எண்ணம். நம் வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன் வரை கேட்ட அதே பேச்சுதான். லில்லியன் விடாமல் கேட்டு, வீட்டிலிருந்தே போய் வருவதாக ஒப்புக்கொண்டு, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படித்தது பொறியியல் அல்ல, ஆங்கில இலக்கியம். 1900-இல் பட்டம் பெற்றபோது பட்டமளிப்பு மேடையில் உரையாற்ற அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அந்த வாய்ப்பைப் பெற்ற முதல் பெண் அவரே. 1902-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

1903-இல் ஐரோப்பியச் சுற்றுலாவுக்குக் கப்பல் ஏறுவதற்காகப் பாஸ்டன் நகருக்கு வந்தபோது ஃபிராங்க் கில்பிரெத் என்ற கட்டடக் குத்தகையாளரைச் சந்தித்தார். மறு ஆண்டு அக்டோபரில் திருமணம். இலக்கியம் படித்த பெண்ணின் வாழ்க்கை செங்கல், சாந்து, சாரம் என்று திரும்பியது அங்கேதான்.

செங்கல்லும் சாரமும்

ஃபிராங்க் கல்லூரிப் படிகளை மிதிக்காதவர். 17 வயதில் கொத்தனார் வேலை பழகப் போனார். அங்கே ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. ஒரே கொத்தனார் மெதுவாக வேலை செய்யும்போது ஒரு விதமாகவும், அவசரத்தில் வேறு விதமாகவும், புதியவருக்குக் கற்றுக் கொடுக்கும்போது மூன்றாவது விதமாகவும் செங்கல் அடுக்கினார். எது சரியான முறை என்று எவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் அவரை உறுத்தியது. செங்கல் குவியல் காலடியில் கிடந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் கொத்தனார் குனிந்து நிமிர வேண்டும். சில பவுண்டு எடையுள்ள கல்லைத் தூக்க அவர் தமது உடம்பின் மேல்பாதி முழுவதையும் இறக்கி ஏற்றினார். பால்மரம் சீவியவர்களுக்கு இது புதிதல்ல. வெட்டு ஆண்டுக்காண்டு பட்டையில் கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு மரத்துக்கும் குனிய வேண்டிய கோணம் கூடிக்கொண்டே போகும். மரத்துக்கு ஒரு குனிவு என்றால், நூற்றுக்கணக்கான மரங்களுக்குக் கணக்கை இடுப்பே சொல்லும்.

ஃபிராங்க் செய்தது எளிய காரியம். சுவர் உயர உயரக் கூடவே உயர்த்தக்கூடிய சாரம் ஒன்றை வடிவமைத்தார். அதில் செங்கல் அடுக்கும் தட்டு கொத்தனாரின் இடுப்பு உயரத்தில் நின்றது. கல்லைத் திருப்பித் திருப்பி நல்ல முகம் தேட வேண்டியதில்லை. உதவியாள் முன்பே அடுக்கி வைத்தார். ஒரு கல் வைக்க 18 அசைவுகள் தேவைப்பட்ட இடத்தில் ஐந்துக்கும் குறைவான அசைவுகளே போதுமானவையாயின. மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைத்தார், அதுவும் குறைந்த களைப்பில்.

லில்லியன் அந்தச் சாரத்தைப் பார்த்த விதம் வேறு. கணவர் அசைவைப் பார்த்தார். மனைவி அசைவுக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பார்த்தார். இந்த மாற்றத்தைத் தொழிலாளி விரும்புகிறாரா? அவருக்குச் சலிப்புத் தட்டுகிறதா? தம் கைத்திறனுக்கு மதிப்புக் கிடைக்கிறது என்று நினைக்கிறாரா, பறிபோகிறது என்று அஞ்சுகிறாரா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட அவர் உளவியல் படிக்கத் தொடங்கினார். கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு ஆய்வேடு எழுதினார். எழுதி முடித்த பிறகு, கடைசி ஓராண்டைப் பல்கலைக்கழகத்திலேயே தங்கிக் கழிக்கவில்லை என்று காரணம் காட்டிப் பெர்க்லி அவருக்கு முனைவர் பட்டம் தர மறுத்தது. அதே ஆண்டு, 1912-இல், ஐந்து வயது மகள் மேரி தொண்டை அடைப்பான் நோயில் இறந்தாள்.

அவர் நிற்கவில்லை. மறுக்கப்பட்ட ஆய்வேடு 1914-இல் நிர்வாக உளவியல் பற்றிய நூலாக வெளிவந்தது. எழுதியவர் பெண் என்று தெரிந்தால் விற்காது என்று அஞ்சிய பதிப்பாளர், அட்டையில் எல். எம். கில்பிரெத் என்று மட்டும் அச்சிட்டார். 1915-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வேறோர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து லில்லியன் முனைவரானார்.

விரலில் கட்டிய விளக்கு

1912 முதல் கணவனும் மனைவியும் கட்டட வேலையை விட்டு, தொழிற்சாலைகளுக்கு ஆலோசகர்களானார்கள். அப்போது புதிதாக வந்திருந்த சினிமா கேமராவை வேலையிடத்துக்குக் கொண்டு போனார்கள். தொழிலாளியின் பக்கத்தில் வேகமாக ஓடும் பெரிய கடிகாரம் ஒன்றை வைத்துப் படம் பிடித்தார்கள். விரல்களில் சின்னஞ்சிறு மின்விளக்குகளைக் கட்டி, நீண்ட நேரம் ஒளி படும்படி புகைப்படம் எடுத்தார்கள். படத்தில் கை போன பாதை வெள்ளைக் கோடாக விழுந்தது. அந்தக் கோட்டைக் கம்பியில் வளைத்துத் தொழிலாளியிடமே காட்டினார்கள். தம் கை போகும் வழியை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்.

கை செய்யும் வேலையைச் சுமார் 17 அடிப்படைக் கூறுகளாகப் பிரித்தார்கள். தேடுதல், பற்றுதல், நகர்த்துதல், பொருத்துதல், பிடித்துக்கொண்டிருத்தல் என்று பட்டியல் நீளும். கவனிக்க வேண்டியது இது: களைப்பாறுவதற்கான ஓய்வும் அந்தப் பட்டியலில் ஒரு கூறு. ஓய்வை வேலைக்கு வெளியே நிற்கும் சோம்பலாக அவர்கள் கருதவில்லை. அதுவும் வேலையின் ஒரு பகுதி என்று கணக்கில் சேர்த்தார்கள்.

1916-இல் வந்த களைப்பு பற்றிய நூல் இதையே பேசியது. நின்றுகொண்டே செய்த வேலையை உட்கார்ந்து செய்ய முடியுமா, நாற்காலியின் உயரம் சரியா, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா என்று ஒவ்வொன்றையும் அந்த நூல் ஆராய்ந்தது. அவர்கள் வாழ்ந்த பிராவிடன்ஸ் நகரில் களைப்பைக் குறைக்கும் பொருள்களுக்கென்று ஒரு சிறிய கண்காட்சியகமே வைத்தார்கள். தொழிலாளர்கள் தாமாகவே செய்துகொண்ட நாற்காலிகளும் கால்தாங்கிகளும் அங்கே இருந்தன. எந்த மேசை எந்த உடம்புக்குப் பொருந்தும் என்பதை மேசையில் வேலை செய்பவர் முன்பே அறிந்திருக்கிறார். பொறியியலாளர் அவரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதே அந்தக் கண்காட்சியகம் சொன்ன செய்தி.

கடிகாரத்தின் மீது வந்த சந்தேகம்

தொழிலாளர்கள் இவர்களை இரு கை நீட்டி வரவேற்றார்கள் என்று சொன்னால் அது பொய்யாகும். அந்தக் காலத்தில் ஃபிரெடெரிக் டெய்லர் என்பவரின் முறை அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பரவிக்கொண்டிருந்தது. கையில் ஸ்டாப் வாட்சுடன் ஒருவர் பின்னால் நின்று நேரம் குறிப்பார். மிக வேகமாகச் செய்பவரின் நேரம் எல்லாருக்கும் அளவாகும். 1911-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் இதை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். விவகாரம் நாடாளுமன்ற விசாரணை வரை போயிற்று. பின்னர் அரசாங்கப் படைக்கலச் சாலைகளில் ஸ்டாப் வாட்ச் தடை செய்யப்பட்டது.

கில்பிரெத் தம்பதியர் முதலில் டெய்லரின் ஆதரவாளர்களாகவே இருந்தார்கள். பிறகு விலகினார்கள். வேகத்தை மட்டும் அளக்கும் கடிகாரம், எப்படி நல்லபடியாகச் செய்வது என்று எவருக்கும் கற்றுத் தராது என்பது அவர்களுடைய வாதம். 1920-இல் ஸ்டாப் வாட்ச் முறையை வெளிப்படையாகவே குற்றம் சாட்டிக் கட்டுரை படித்தார்கள்.

ஆனாலும் நாணயத்துக்கு மறுபக்கம் உண்டு. அசைவைக் குறைத்ததால் மிச்சமான நேரம் யாருக்குப் போனது? சில முதலாளிகள் அதை ஓய்வாகக் கொடுத்தார்கள். பலர் கூடுதல் உற்பத்தியாக எடுத்துக்கொண்டார்கள். லில்லியன் தம் வாழ்நாள் முழுதும் வாதாடியும் இந்தக் கேள்விக்கு அவருடைய அறிவியலால் மட்டும் பதில் சொல்ல முடியவில்லை. தோட்டத்தில் பெரட்டுக்கு நின்றவர்களுக்கும் தொழிற்சாலையில் இலக்கு எண்ணைப் பார்த்து வேலை செய்தவர்களுக்கும் அந்தக் கேள்வி நன்றாகவே தெரியும்.

1924 ஜூன் 14

அன்று ஃபிராங்க் நியூ ஜெர்சி மாநிலத்தின் மான்ட்கிளேர் ரயில் நிலையத்திலிருந்து மனைவியுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு பாதியில் நின்றது. மாரடைப்பு. அவருக்கு வயது 55. வீட்டில் 11 பிள்ளைகள். மூத்தவளுக்கு 18, கடைக்குட்டிக்கு இரண்டு.

லண்டனிலும் பிராகிலும் நடக்கவிருந்த மாநாடுகளுக்குப் புறப்பட அவருக்குச் சில நாள்களே இருந்தன. கணவரின் இறுதிச் சடங்கு முடிந்த கையோடு லில்லியன் அந்தக் கப்பலில் ஏறினார். அவருடைய இடத்தில் தாம் நின்று பேசினார். திரும்பி வந்தபோது வேறோர் அதிர்ச்சி காத்திருந்தது. இருவரும் சேர்ந்து செய்த வேலைக்குப் பணம் கொடுத்த நிறுவனங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தன. தொழிற்சாலைத் தளத்துக்கு ஒரு பெண் ஆலோசகரா என்பது அவர்களின் தயக்கம். 20 ஆண்டுகள் அவரும் சேர்ந்து உழைத்தது கணக்கில் வரவில்லை.

அவர் வீட்டிலேயே பயிற்சி வகுப்பு தொடங்கினார். நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களை அங்கே அனுப்பின. பின்னர் நியூயார்க்கின் மேசிஸ் பல்பொருள் அங்காடி அவரை அழைத்தது. லில்லியன் அறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதவில்லை. கடைப் பெண்ணாகவே நின்று வேலை பார்த்தார். எங்கே கால் வலிக்கிறது, எந்தச் சீட்டை வீணாக இரண்டு முறை எழுதுகிறார்கள், எந்த விளக்கு கண்ணைக் களைக்க வைக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே மாற்றம் சொன்னார்.

சமையலறையும் ஒரு தொழிற்சாலைதான்

தொழிற்சாலைக் கதவு முழுதாகத் திறக்காததால், பெண்ணுக்கு உரியது என்று உலகம் ஒதுக்கி வைத்த சமையலறை வழியாக அவர் உள்ளே போனார். இத்தனைக்கும் அவருக்குச் சமையல் அவ்வளவாக வராது. வீட்டில் அதற்கு வேறு ஆள் இருந்தார்கள். அது குறையாகவில்லை. பழக்கத்தில் மறைந்துபோன வீண் அசைவுகள் வெளியாளின் கண்ணுக்கே தெரிந்தன.

1920-களின் இறுதியில் புரூக்ளின் எரிவாயு நிறுவனம் ஒன்றுக்காக அவர் செய்த சோதனை பிரபலமானது. ஸ்ட்ராபெர்ரி கேக் ஒன்றைப் பழைய மாதிரிச் சமையலறையிலும் தாம் வடிவமைத்த சமையலறையிலும் செய்து பார்க்க வைத்தார். பழையதில் 281 அடிகள் நடக்க வேண்டியிருந்தது. புதியதில் 45 போதும். கேக் அதேதான், செய்முறையும் அதேதான். மாறியது அடுப்பும் மேசையும் குளிர்பெட்டியும் நின்ற இடம்.

சோதனை நடந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே வேலை, இரண்டு அமைப்புகள், எண்ணிப் பார்த்த விடை. புதியது என்பதற்காகவே புதியதை அவர் சிறந்தது என்று சொல்லவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தபோது, அடுப்பும் தொட்டியும் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய 4,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்தார். எல்லாருக்கும் ஒரே உயரம் சரிப்படாது, நிற்பவரின் உயரத்துக்கு ஏற்ப மேசை மாற வேண்டும் என்பது அவருடைய முடிவு. காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டியும் குளிர்பெட்டிக் கதவின் உட்புறத் தட்டுகளும் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகின்றன.

1935-இல் பர்டியூ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக நியமித்தது. அங்கே பொறியியல் துறையில் அமர்ந்த முதல் பெண் பேராசிரியர் அவர்.

உடம்புக்கு ஏற்ற இயந்திரம்

முதல் உலகப் போர் முடிந்தபோது கை கால் இழந்த ஆயிரக்கணக்கான வீரர்கள் வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு உதவித்தொகை போதும் என்பதுதான் பொதுக் கருத்து. கில்பிரெத் தம்பதியர் அதை ஏற்கவில்லை. ஒரு வேலைக்கு எந்தெந்த அசைவு தேவை என்று தெரிந்தால், இல்லாத கையின் அசைவை வேறோர் உறுப்புக்கோ இயந்திரத்துக்கோ மாற்றிக் கொடுக்கலாம் என்று காட்டினார்கள். ஒரு கை மட்டும் உள்ளவர் தட்டச்சு செய்ய இயந்திரத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று ஆராய்ந்தார்கள். 1920-இல் இது நூலாகவும் வந்தது.

கணவர் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்தும் லில்லியன் இந்த வேலையை விடவில்லை. நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவர்களுடன் சேர்ந்து இதய நோயாளிகளுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் ஏற்ற சமையலறைகளை வடிவமைத்தார். இயங்கும் முறையை ஆளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் இயந்திரம் என்று இன்று பொறியியலாளர்கள் பேசும் எண்ணத்தின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று. அன்று கணினி கிடையாது. ஒரு நெம்புகோலும் ஒரு மரப்பலகையும் அந்த வேலையைச் செய்தன.

மரியாதைகள் தாமதமாகவே வந்தன. 1965-இல், 87 வயதில், அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணானார். மறு ஆண்டு பொறியியலாளர்களுக்கான ஹூவர் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்ணும் ஆனார். 90 வயதை எட்டும் வரை ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1984-இல் அமெரிக்கா அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. ஆனால் மக்களுக்கு அவரை அறிமுகப்படுத்தியது 1948-இல் அவருடைய பிள்ளைகள் இருவர் எழுதிய வேடிக்கையான குடும்பக் கதைதான். அது 1950-இல் படமாகவும் வந்தது. அதில் அவர் பொறுமையான அம்மாவாகத் தெரிந்தார், பொறியியலாளராகத் தெரியவில்லை.

விளக்கு சொன்ன பொய்

அவர் எழுப்பிய கேள்வி அவருக்குப் பின்னால் பெரிதாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கிய பிறகு, விமானிகள் இறக்கை மடிப்பை மாற்றுவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிடும் விபத்துகள் நடந்தன. விமானியின் கவனக்குறைவு என்றார்கள். ஆல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானியின் அறைக்குள் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே மாதிரி, அருகருகே இருந்தன. சக்கர விசைக்குச் சக்கரம் போன்ற குமிழும் மடிப்பு விசைக்கு ஆப்பு போன்ற குமிழும் பொருத்தச் சொன்னார். தவறு ஓய்ந்தது.

1979 மார்ச் 28-ஆம் தேதி பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து. சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒலித்தன. எதை முதலில் பார்ப்பது என்று ஆப்பரேட்டர்களுக்கு விளங்கவில்லை. வால்வு ஒன்று திறந்தே கிடந்தது. பலகையில் இருந்த விளக்கோ அது மூடிவிட்டது போலக் காட்டியது. மூடுவதற்கான கட்டளை போய்விட்டது என்பது மட்டுமே அந்த விளக்கின் உண்மையான பொருள். வால்வு மூடியதா என்பதை அது அறியவே அறியாது. முதலில் பழி ஆப்பரேட்டர்கள் மீது விழுந்தது. அந்தப் பலகையை வடிவமைத்தவர்கள் அதைப் பதற்றமான நேரத்தில் மனிதர்களை வைத்துச் சோதித்தார்களா என்ற கேள்வி பிறகுதான் எழுந்தது.

பாயான் லெப்பாஸில் இன்று

1972-இல் ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு பெண் என்றிருந்த பினாங்குத் தொழிற்சாலைகளில் இன்று கம்பி பொருத்துவது இயந்திரம். ஆப்பரேட்டர் பல இயந்திரங்களின் திரைகளை ஒரே நேரத்தில் கவனிக்கிறார். அடுத்த கட்டமாக, திரையே ஆளுக்கு ஏற்ப மாறும் முறைகள் வருகின்றன. புதியவருக்கு விளக்கத்தைக் கூட்டிக் காட்டும். பழகியவருக்குச் சுருக்கிக் காட்டும். வேலை நெருக்கும்போது முக்கியமில்லாதவற்றை மறைத்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அது உண்மையிலேயே நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கில்பிரெத் அம்மையாரின் வழிமுறை இன்றும் பழசாகவில்லை. ஒரே வேலையை மாறும் திரையிலும் மாறாத திரையிலும் செய்து பார்க்க வேண்டும். அலுவலகத்தில் இருப்பவரை அல்லாமல், அன்றாடம் அந்த வேலையைச் செய்பவரை உட்கார வைக்க வேண்டும். எத்தனை முடித்தார் என்று மட்டும் எண்ணினால் போதாது. எத்தனை தவறு, எத்தனை தடவை தேடினார், இரவு ஷிப்டின் கடைசி மணி நேரத்தில் என்ன ஆனது என்றும் எண்ண வேண்டும். இருபது வருடம் ஒரே இடத்தில் பொத்தானை அழுத்திப் பழகிய கை, திரை அதை இடம் மாற்றினால் எங்கே போய் விழும் என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரம் திடீரெனக் கைவிடும்போது மனிதர் பொறுப்பை ஏற்கும் நிலையில் இருக்கிறாரா என்று சோதிக்க வேண்டும். திரை மறைத்த தகவல்தான் அந்த நொடியில் தேவையான தகவலாக இருக்கலாம்.

திரை ஆளை அளப்பதிலும் ஒரு பழைய ஆபத்து ஒளிந்திருக்கிறது. யார் களைத்துவிட்டார், யார் மெதுவாகச் செய்கிறார் என்று இயந்திரம் அறிந்துகொண்டால், அந்தக் கணக்கு நாற்காலியைச் சரிசெய்யவும் பயன்படலாம், ஆளை நீக்கவும் பயன்படலாம். ஸ்டாப் வாட்ச் காலத்தில் வாட்டர்டவுன் தொழிலாளர்கள் கேட்ட கேள்வி இப்போது திரைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

லில்லியன் கில்பிரெத் களைப்பை அளந்தது ஆளைக் குற்றம் சொல்வதற்காக அல்ல, மேசையைத் திருத்துவதற்காக. தவறு நடந்தால் முதலில் நாற்காலியைப் பார், விளக்கைப் பார், விசையைப் பார். மனிதரைக் கடைசியில் பார் என்பதே அவருடைய வாழ்க்கை கற்றுத் தந்த வரிசை. பால்மரக் காட்டிலிருந்து மைக்ரோஸ்கோப்புக்கும், மைக்ரோஸ்கோப்பிலிருந்து திரைக்கும் மாறி வந்த குடும்பங்களுக்கு அந்த வரிசை மிக முக்கியம். புதிய இயந்திரம் வரும்போது எவ்வளவு உற்பத்தி கூடும் என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். ஷிப்டு முடிந்து பேருந்தில் ஏறும் பெண்ணின் கண்ணும் கழுத்தும் எப்படி இருக்கின்றன என்று கேட்பவர்களும் இருக்க வேண்டும்.